வெடியொலியும் செவிப்புலனும்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் ஒருவர்)

ஐம்புலன்களுள் கண்ணுக்கே முதன்மை கொடுத்துப் பேசுதல் உலக வழக்கு. நம் முன்னோரோ செவிக்கும் உயர்ந்ததோர் இடம் வகுத்தனர். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவுயிர் முதலாக வரிசைப்படுத்துமிடத்து, உடம்பு, நாக்கு, மூக்கு, கண் என்னும் நான்கிற்கும் பின்னரே செவியை ஐந்தாம் அறிவாக வைத்தார். திருவள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்துக் கேள்வி எனத் தனியே ஓர் அதிகாரம் அமைத்தார். ஏட்டைத் தொடாதவனும் செவியாற் கல்வி பெறலாம் என்பது அப்பெரியார் கொள்கை.

இத்துணைச் சிறப்புடைய செவியைப் போர்க்களத்திற் பகைவனுக்குப் பறிகொடுத்தோர் உண்டு. அஃது இரங்கத்தக்கதே. ஆயின், பகைவன் ஒருவனும் இல்லாத பயிற்சித் திடலில், தம் கையிலிருந்த துப்பாக்கியின் ஒலியாலேயே செவியை இழந்தோர் உலகெங்கும் உளர். நம்மையொத்த பதினெட்டு இருபது வயதினர் அவருட் பலர். இவ்விழப்பினை முன்னரே அறியலாம். அறிந்தால் பெரும்பாலும் தடுக்கலாம். தடுக்கத் தவறின் மீட்கவே இயலாது. இம்மூன்று செய்திகளையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் மாணவர் தேசிய மாணவர் படையிற் சேர்ந்து குறிபார்த்துச் சுடப் பழகுகின்றனர். கல்லூரியை விட்டபின் இராணுவத்திலும் காவற்படையிலும் சேர்வாரும் உண்டு. ஆகலின் இது நமக்குத் தொடர்பற்ற செய்தி அன்று.

ஒலியின் அளவு

ஒலி என்பது காற்றில் எழுந்து பரவும் அழுத்த அலையேயாகும். ஒரு நொடியில் எத்தனை அலைகள் எழுகின்றன என்பதைக் கொண்டு அது தாழ்ந்த ஓசையோ உயர்ந்த ஓசையோ என்பது அமையும். அலையின் வலிமையை அளக்குங் கருவிச்சொல் டெசிபெல் என்பது. தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்பாரின் பெயரடியாகப் பிறந்தது.

இவ்வளவை முழக்கோல் கொண்டு துணி அளப்பது போலக் கருதலாகாது. இருபது முழம் பத்து முழத்தின் இரு மடங்கு. டெசிபெல் கணக்கோ அவ்வாறன்று. 20 டெசிபெல் கூடினால் காற்றின் அழுத்தம் 10 மடங்காகும். 40 கூடினால் 100 மடங்கு. 60 கூடினால் 1,000 மடங்கு. இருவர் எதிரெதிரே அமர்ந்து இயல்பாக உரையாடும் ஒலி ஏறக்குறைய 60 டெசிபெல். போர்வீரன் தோளிற் சார்த்திச் சுடும் துப்பாக்கியின் வெடியொலி, அவன் காதருகே, 155 முதல் 165 டெசிபெல் வரை உச்சத்தை எட்டும். 160 என்றே கொள்வோம். உரையாடலுக்கும் அதற்கும் இடைப்பட்ட வேறுபாடு 100 டெசிபெல். அஃதாவது, அழுத்தம் ஓர் இலட்சம் மடங்கு. பீரங்கியும், தோளில் தாங்கி டாங்கிகளைத் தகர்க்கச் சுடும் பெருங்குழலும் 180 டெசிபெல்லையும் கடப்பனவாம்.

எவ்வளவு ஒலியை எவ்வளவு நேரம் செவி பொறுக்கும்? அமெரிக்க நாட்டின் தேசியத் தொழிற் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1998இல் வெளியிட்ட வரையறையின்படி, 85 டெசிபெல் ஒலியில் ஒருவன் நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம். அதன்மேல் 3 டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகக் குறையும். 88க்கு 4 மணி; 91க்கு 2 மணி; 94க்கு ஒரு மணி; 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரமே. இங்ஙனம் குறைந்துகொண்டே சென்று, உச்ச அளவு 140 டெசிபெல்லைத் தாண்டிய வெடியொலிக்கு நேரக்கணக்கே இல்லாது போகிறது. காப்பற்ற காதில் அத்தகைய ஒலி ஒருமுறையும் புகலாகாது என்பதே விதி. பிரிட்டனில் 2005இல் இயற்றப்பட்ட தொழிலிட இரைச்சல் விதிகளும் காதுக்குட் செல்லும் உச்ச ஒலிக்கு 140 டெசிபெல்லையே எல்லையாக நிறுவின. நெசவாலையில் பல்லாண்டு உழைத்தவன் சிறிது சிறிதாக இழப்பதைத் துப்பாக்கியுடன் நின்றவன் ஒரு முற்பகலில் இழக்கக்கூடும் என்பதன் காரணம் இதுவே.

வெடியொலியின் இயல்பு

துப்பாக்கியின் ஒலி ஒன்றன்று, இரண்டு. தோட்டாவிலுள்ள மருந்து எரிந்து எழுந்த ஆவி, குண்டின் பின்னே குழல்வாயினின்றும் சீறிப் பாய்ந்து காற்றை அறைவது முதலாவது. குண்டு காற்றைக் கிழித்துச் செல்வதால் எழுவது இரண்டாவது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். போர்த் துப்பாக்கிக் குண்டின் வேகமோ நொடிக்கு 800 மீட்டருக்கும் மேற்பட்டது. தன் ஒலியைத் தானே முந்திச் செல்லும் குண்டு, சாட்டை சொடுக்கியது போன்ற கூரிய ஓசையை வழிநெடுகப் பிறப்பிக்கும்.

இவ்வெடியலை ஆயிரத்தில் சில கூறாகிய நொடிக்குள் எழுந்து அடங்கிவிடுகிறது. இக்குறுமையே பெருந்தீங்கு. ஓர் ஒலி எவ்வளவு உரத்தது என்பதை மதிப்பிட நம் செவிக்கும் மூளைக்கும் நொடியின் பத்தில் இரு கூறளவு காலம் வேண்டும். அதற்கு முன்னரே வெடியொலி முடிந்துவிடுவதால், உண்மையில் உள்ள வலிமையினும் மிகக் குறைந்ததாகவே அது நமக்குத் தோன்றும். தீயைத் தொட்டவன் கையைச் சட்டென இழுத்துக் கொள்கிறான். ஏனெனில் வலி அவனை எச்சரிக்கிறது. வெடியொலியோ அங்ஙனம் எச்சரியாமலே கெடுக்கும். "அப்படியொன்றும் பெரிய சத்தமில்லையே!" என்று சுட்டவன் கூறுவது பொய்யன்று, அவன் செவி அவனை ஏமாற்றிவிட்டது என்பதே உண்மை.

செவியின் அமைப்பு

நாம் காது என்று சுட்டும் புறமடல் செவியின் வாயிலேயன்றி வேறன்று. அவ்வாயில் வழியே செல்லும் ஒலியலை, துளையின் முடிவிலுள்ள செவிப்பறையை அதிரச் செய்கிறது. பறையை அடுத்துச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் வடிவுடைய மூன்று சிற்றெலும்புகள் சங்கிலிபோற் கோக்கப்பட்டுள. அங்கவடியெலும்பே மக்கள் உடம்பிலுள்ள எலும்புகளுள் மிகச் சிறியது. இவ்வெலும்புகள் பறையின் அதிர்வை உட்செவிக்குச் சேர்ப்பிக்கின்றன.

உட்செவியில் நத்தையோடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உளது. அது சற்றேறக்குறைய இரண்டரைச் சுற்றுடையது. சுருளை நீட்டினால் 35 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதனுள் நீர் நிரம்பியுள்ளது. அந்நீரில் எழும் அலையை உணரும் பொருட்டு, நுனியில் நுண்ணிய மயிர்க்கற்றை பொருந்திய உயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இவற்றை மயிரணுக்கள் என்பர். இவை அமர்ந்திருக்கும் உறுப்பை 1851இல் விரித்துரைத்தவர் இத்தாலியராகிய அல்போன்சோ கோர்ட்டி என்பார். சுருளின் அடிப்பகுதி உயர்ந்த ஓசைகளையும், முடிப்பகுதி தாழ்ந்த ஓசைகளையும் ஏற்கும். அலை இச்சுருளில் எங்ஙனம் ஓடுகிறது என்பதை ஆராய்ந்து கண்ட கியார்க் வான் பெகேசி என்னும் ஹங்கேரி நாட்டறிஞருக்கு 1961இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரு செவியிலுள்ள மயிரணுக்கள் 15,000 அளவினவே. கண்ணின் திரையில் ஒளியை ஏற்கும் உயிரணுக்கள் 10 கோடிக்கும் மேற்பட்டன என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. கண்ணுக்குக் கோடிகளை வழங்கிய இயற்கை, செவிக்குச் சில ஆயிரங்களையே அளந்து கொடுத்திருக்கிறது. இவையும் ஒருமுறை அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்குஞ்சு முதலிய பறவைகட்கு இவை மீண்டும் வளர்கின்றன என்று 1980களின் பிற்பகுதியில் அறிஞர் கண்டனர். அப்பேறு நமக்கு வாய்க்கவில்லை.

இச்செவிக்கு இயற்கையான காவல் ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. பேரொலி எழுந்தவுடன் நடுச்செவியிலுள்ள இரு சிறு தசைகள் இறுகி, எலும்புச் சங்கிலியின் அசைவைக் குறைக்கும். ஆனால் அவை இறுகுதற்கு நொடியின் நூறில் சில கூறு முதல் பத்தில் ஒரு கூறு வரை காலம் செல்லும். ஆயிரத்தில் சில கூறாகிய நொடியில் முடிந்துவிடும் வெடியொலிக்கு இக்காவல் எங்ஙனம் உதவும்? திருடன் புகுந்து பொருளை எடுத்து வெளியேறிய பின்னர்க் கதவைச் சாத்துவது போலாகும்.

கேடு விளையும் விதம்

கேடு இருவகையால் நிகழ்கிறது. மிகக் கடிய வெடியலை, புயற்காற்று வயலிற் கதிர்களைச் சாய்ப்பது போல, மயிர்க்கற்றைகளை முறித்து அணுக்களைப் பெயர்த்தெறிகிறது; சிலபோது செவிப்பறையே கிழிவதும் உண்டு. இது முதல்வகை. மற்றையது, அளவுக்கு மிஞ்சி உழைத்த அணுக்களில் நச்சுத்தன்மையுள்ள வேதிப்பொருள்கள் பெருகி, சில நாட்களில் அவை மடிதல்.

சுட்டு முடித்தபின் காதிற் பஞ்சடைத்தாற் போன்றதோர் உணர்வும், ஓயாத 'கீ' என்னும் ஓசையும் தோன்றுதல் பலர் அறிந்தது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ இவை நீங்கிவிடின், செவி முழுநலம் பெற்றது என மகிழ்தல் வழக்கம். இம்மகிழ்ச்சிக்கு ஆதாரம் போதாது. 2009இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் சுண்டெலிகளை வைத்து ஓர் உண்மையைக் கண்டனர். பேரொலி கேட்ட எலிகளின் கேட்குந்திறன் சில நாட்களில் பழைய நிலைக்கு மீண்டது. மயிரணுக்களும் அழியாது நின்றன. எனினும், அவ்வணுக்களையும் மூளைக்குச் செல்லும் நரம்பையும் இணைக்கும் பொருத்துக்களிற் பெரும்பகுதி அழிந்தே போயிருந்தது. அறையில் தனித்திருந்து கேட்கும் சோதனையில் வெளிப்படாத இத்தகைய குறை, பலர் பேசும் கூட்டத்தில் ஒருவர் சொல்லைப் பிரித்தறிய முயலுங்கால் வெளிப்படக்கூடும் என அறிஞர் கருதுகின்றனர்.

வெடியொலியால் வந்த செவிக்குறைக்கு இரு தனி அடையாளங்கள் உள. நொடிக்கு 3,000 முதல் 6,000 அலைகள் உள்ள உயர்ந்த ஓசைகளை உணரும் பகுதியே முதலிற் பழுதுறும். செவித்திறனை வரைபடமாகத் தீட்டினால், 4,000 என்னும் இடத்தையொட்டி ஒரு பள்ளம் தோன்றும். இரண்டாவதாக, வலத்தோளில் துப்பாக்கியைச் சார்த்திச் சுடுபவனுக்கு இடக்காதே மிகுதியாகக் கெடும். அவன் தலையைச் சாய்த்துக் குறிபார்க்குங்கால் இடக்காது குழல்வாயை நோக்கி நிற்கும். வலக்காதோ தலையின் நிழலில் ஒதுங்கி நிற்கும்.

உயிர் நிற்க மெய் மறைதல்

தமிழ் பயில்வோராகிய நம் உள்ளத்தைப் பெரிதும் தொடுவது இனிக் கூறப்போகும் செய்தியே. பேச்சில் உயிரெழுத்துக்களின் வலிமை தாழ்ந்த ஓசைகளிலே தங்கியுள்ளது, மெய்யெழுத்துக்களுட் பல, அவற்றுள்ளும் வல்லினமும் சகரம் போன்ற உரசொலிகளும், உயர்ந்த ஓசைகளால் வேறுபடுத்தி அறியப்படுவன, வலிமையும் குறைந்தன. ஆகவே உயர்ந்த ஓசையை இழந்த செவியில் உயிர் நிற்கும்; மெய் மறையும். சட்டி, கட்டி, தட்டி, பட்டி, வட்டி என்னும் ஐந்து சொற்களையும் எண்ணுக. இவற்றை வேறுபடுத்துவது முதலிலுள்ள மெய் ஒன்றே. அம்மெய் தெளிவாகக் கேளாதவனுக்கு ஐந்தும் ஒரே சொல்லாகிவிடும். நன்னூலார் உயிரோடு மெய் கூடி இயங்குவதை விதியாக வகுத்தார். வெடியொலியோ அவ்விரண்டையும் பிரித்து, ஒன்றைக் கவர்ந்து செல்கிறது.

எமது தெருவில் பீரங்கிப் படையிலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வாழ்கின்றார். இளமையில் பயிற்சித் திடலில் பீரங்கியின் அருகே காதைக் கையாற் பொத்திக்கொண்டு நின்ற காலத்தை அவர் சொல்ல யாம் கேட்டிருக்கிறோம். ஒருநாள் தம் நிலையை அவரே எம்மிடம் விளக்கினார்: "தம்பி, பேரன் பேசுகிறான் என்று தெரிகிறது. என்ன பேசுகிறான் என்றுதான் தெரிவதில்லை." யாம் பல நூல்களைப் புரட்டி அறிந்ததை அவர் இவ்விரண்டு சிறு வாக்கியங்களில் அடக்கிவிட்டார். வீட்டார் அவர்பொருட்டு உரத்துப் பேசுகின்றனர். உரத்துப் பேசினால் உயிரெழுத்தே மேலும் ஓங்குகிறது. மெய் அத்துணைத் தெளிவடைவதில்லை. எனவே, பேசுவோர் சலிப்படைகின்றனர், கேட்போர் நாணமடைகின்றார். திருமண வீட்டிலும் கூட்டத்திலும் அவர் ஓரமாக அமர்ந்து, பிறர் சிரிக்கும்போது தாமும் சிரிக்கின்றார். குருடனைக் கண்டால் இரங்கி வழிவிடும் உலகம், செவிடனைக் கண்டால் நகைக்கிறது. இது நம் சமுதாயத்துக்கே ஒரு குறை.

கேளாமையோடு காதிரைச்சல் என்னும் துன்பமும் சேர்ந்து வருவதுண்டு. புறத்தே ஒலி ஒன்றும் இல்லாதபோதும் காதினுள் சீழ்க்கை போலவும், சில்வண்டின் அரற்றல் போலவும் ஓசை இடையறாது கேட்கும். நள்ளிரவின் அமைதியில் அது மிகும், உறக்கம் கெடும். அதை அடியோடு நீக்கும் மருந்து இன்றளவும் காணப்படவில்லை. அமெரிக்க நாட்டில் முன்னாள் படைவீரர்க்கு உதவித்தொகை வழங்கும் துறையின் கணக்கில், பணியால் விளைந்த குறைகளுள் முதலிடம் பெறுவது இக்காதிரைச்சலே. அதற்காக உதவி பெறுவோர் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். கை கால் இழந்தோரை நாம் கண்ணாற் காண்கிறோம். இவர்தம் புண்ணோ பிறர் கண்ணுக்குப் புலப்படாதது.

வரலாறு கூறுவது

வெடிமருந்து வந்த நாள்தொட்டே இக்கேடும் உண்டு. 1782இல் மேற்கிந்தியத் தீவுகளையடுத்து நிகழ்ந்த கடற்போரில், ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ராட்னி பிரபுவின் கப்பலிலிருந்து 80 முறை பீரங்கி வரிசை முழங்கியதாகவும், அதன்பின் அவர் இருவாரம் செவிடராயிருந்ததாகவும் மருத்துவ வரலாறு எழுதுவோர் குறிப்பர். எனினும், நெடுங்காலம் வரை இது போர்த்தொழிலுக்குரிய கூலியாகவே கருதப்பட்டது. தடுக்கத்தக்கதொரு நோயாகக் கருதப்படவில்லை.

இரண்டாம் உலகப்போரே இவ்வெண்ணத்தை மாற்றியது. செவிகெட்டுத் திரும்பிய வீரர்களின் தொகை பெருகவே, அமெரிக்க இராணுவம் பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் நகரிலிருந்த டெஷான் மருத்துவமனை முதலிய இடங்களில் அவர்க்கெனத் தனி நிலையங்களை அமைத்தது. டெஷானில் பணிபுரிந்த ரேமண்டு கார்ஹார்ட் என்பார், போருக்குப்பின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் செவித்திறனியல் ஒரு கல்வித்துறையாக வேரூன்ற உழைத்தார். 1948இல் அமெரிக்க விமானப்படை இரைச்சலிற் காத்துக்கொள்ளும் முறைகளைக் குறித்து ஒரு விதியை வெளியிட்டது.

அண்மைக் காலத்தில் இவ்வழக்கு நீதிமன்றத்திற்கும் வந்துவிட்டது. அமெரிக்கப் படையினர் பலர் அணிந்த ஒருவகைக் காதடைப்பான் சரிவரப் பொருந்தாது நெகிழ்ந்தது என்று இலட்சக்கணக்கானோர் முறையிட்டனர். அதனை விற்ற 3எம் நிறுவனம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 2023இல் ஏறக்குறைய 600 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள உடன்பட்டது. அதே 2023இல் இலண்டன் உயர்நீதிமன்றம், பணியின்போது செவிகெட்ட முன்னாள் கடற்போர் வீரர் ஒருவர்க்கு 7 இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட தொகையை ஈடாக வழங்கத் தீர்ப்பளித்தது. பணத்தின் பெருமையைக் காட்ட இவற்றைக் கூறினோமல்லோம். செவியைக் காத்தல் வீரனுடைய கடமை மட்டுமன்று, அவனைத் திடலில் நிறுத்தியவர் கடமையுமாகும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டது என்பதற்கு இவை சான்றாம்.

பயிற்சித் திடலும் அங்குள்ள தவறான எண்ணங்களும்

போரில் வெடியொலி மிகுதி, பயிற்சியிற் குறைவு என்று எண்ணுதல் பிழை. படையிற் பணிபுரிவோருட் பலர் போரையே காணாது ஓய்வுபெறுவர். பயிற்சியைக் காணாதவர் ஒருவரும் இலர். பயிற்றும் ஆசிரியரோ, மாணவர் மாறமாறத் தாம் மாறாது, ஆண்டுக்கணக்காக அத்திடலிலேயே நிற்பவர். வரிசையில் நிற்பவனுக்குத் தன் துப்பாக்கியின் ஒலியோடு, பக்கத்தவன் துப்பாக்கியின் ஒலியும் சேரும். சில துப்பாக்கிகளின் வாயில், உதைப்பைக் குறைக்கும் பொருட்டு ஆவியைப் பக்கவாட்டில் திருப்பும் அமைப்பு உண்டு; அது தோளுக்கு நன்மையும் காதுக்குத் தீமையும் செய்வது. சுவரும் கூரையும் சூழ்ந்த திடலில் எதிரொலியும் கூடும்.

குண்டில்லாத வெற்றுத் தோட்டாவால் தீங்கில்லை என்பது மற்றொரு மயக்கம். குண்டு இல்லையாயினும் வெடிமருந்து உண்டன்றோ? பின்லாந்து நாட்டில் ஆடவர்க்குக் கட்டாயப் படைப்பயிற்சி உண்டு. அங்கே 1990களிற் படைமருத்துவர் ஆராய்ந்தபோது, பயிற்சியிற் செவி ஊறுபட்ட இளைஞர் பலர்க்கு அது வெற்றுத் தோட்டாவினாலே நேர்ந்தது என்பதும், அவருட் பெரும்பாலோர் அவ்வேளையிற் காதுக்காப்பு அணிந்திலர் என்பதும் வெளியாயின. குறிபார்த்துச் சுடும் திடலில் காப்பணிந்தவர், காட்டில் போர் ஒத்திகை நிகழ்த்துங்கால் அதைக் கழற்றிவிடுகின்றனர். தீங்கு அங்கே காத்திருக்கிறது.

காப்பணிய மறுப்போர் கூறுங் காரணங்கள் மூன்று. "காதை மூடுதல் ஆண்மைக்கு இழுக்கு" என்பது ஒன்று. தலைக்கு இரும்புத்தொப்பி அணிவது இழுக்கன்று எனின், காதுக்குக் காப்பு அணிவது மட்டும் எங்ஙனம் இழுக்காகும்? "பழகப் பழகச் செவி உறுதிப்படும்" என்பது மற்றொன்று. கை காய்த்துப் போவது போலச் செவி காய்ப்பதில்லை. முன்போல் உறுத்தவில்லையெனின், உறுத்துவதை அறியும் அணுக்கள் மடிந்துவிட்டன என்பதே பொருளாகலாம். மூன்றாவது, "கட்டளையும் காலடியோசையும் கேளாமற் போகும்" என்பது. இதுவே உண்மையான இடர்ப்பாடு, உயிரைப் பற்றியது. இதனைத் தீர்க்கவே, பேச்சொலியை விடுத்து வெடியொலியை மட்டும் தடுக்கும் நுண்துளை கொண்ட காதடைப்பானும், மின்கருவி பொருந்திய காதுக்கவசமும் இயற்றப்பட்டுள்ளன. மேலும், இன்று காப்பின்றிக் கட்டளையைக் கேட்டவன், செவிகெட்டபின் காப்பின்றியும் கட்டளையைக் கேளான்.

காக்கும் வழி

காதிற் சாதாரணப் பஞ்சைச் செருகுதல் காப்பாகாது. அது தடுக்கும் ஒலி மிகச் சிறிது. விரலால் உருட்டி மெல்லிதாக்கிச் செருகும் நுரைக் காதடைப்பான் எளிதிலும் மலிவிலும் கிடைப்பது. அதனைச் செருகும் முறையிலேதான் பயன் அடங்கியுள்ளது. ஒரு கையால் அடைப்பானை இறுக உருட்டி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னாகக் கொணர்ந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துத் துளையை நேராக்கி, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை விரலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே தொங்கும் அடைப்பான், திறந்த குடைக்குப் பக்கத்தில் நின்று மழையில் நனைவது போலாம். பேரொலி எழும் இடத்தில் அடைப்பானையும் அதன்மேற் கவசத்தையும் ஒருங்கே அணிதல் நலம். இரண்டையும் அணிந்தால் காப்பு இருமடங்காகாது. சில டெசிபெல்லே கூடும். ஆயினும் அச்சிலவும் வேண்டுவனவே. துப்பாக்கியின் வாயிற் பொருத்தும் ஒலியடக்கி, ஒலியை 20 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும். அதனை அணிந்தாலும் காதுக்காப்பை விலக்குதல் கூடாது.

பயிற்சிக்கு முன் ஒருமுறை செவித்திறனைச் சோதித்துக் குறித்துவைத்து, பின்னர்க் காலந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்தல், கேட்டினைத் தொடக்கத்திலேயே காட்டும். சுட்டபின் காதிரைச்சலோ மந்தமோ தோன்றின் மறைக்காது தலைவர்க்கு அறிவித்து, மேலும் ஒலிக்கு ஆளாகாமல் ஓய்ந்திருந்து, அன்றோ மறுநாளோ மருத்துவரை அணுகுதல் வேண்டும். தொடக்க நாட்களில் மருத்துவர் செய்யக்கூடிய உதவி, மாதங்கள் கழிந்தபின் செய்ய இயலாததாகிவிடும்.

நம் கடமை

1948இல் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய மாணவர் படையில் மாணவரும் மாணவியரும் .22 துப்பாக்கியாற் சுடப் பழகுகின்றனர். அது போர்த் துப்பாக்கியினும் மெல்லொலி உடையதே. ஆயினும் அதன் உச்ச ஒலி, மேலே எல்லையென்று காட்டிய 140 டெசிபெல்லை அணுகி நிற்கிறது. பலர் வரிசையாகப் படுத்துச் சுடுமிடத்துக் காப்பின்றி இருத்தல் அறிவுடைமையாகாது. திடலுக்குச் செல்லும் நாளில் துப்பாக்கியையும் தோட்டாவையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகின்றனர். ஒரு தோட்டா குறைந்தாலும் எல்லோரையும் நிறுத்திவைத்துத் தேடுகின்றனர். அங்ஙனமே காதடைப்பானையும் எண்ணிக் கொடுத்து, ஒவ்வொருவர் காதிலும் அது பொருந்தியதைக் கண்ட பின்னரே சுடுமாறு கட்டளையிடும் வழக்கம் எல்லாத் திடல்களிலும் நிலைபெற வேண்டும். அதற்காகும் செலவு, ஒரு மாணவன் ஒருவேளை சிற்றுண்டிக்குக் கொடுக்கும் காசினும் மிகாது.

நாட்டைக் காக்கப் படைக்கலம் ஏந்துவோர் போற்றத்தக்கார். அவர் பகைவர்முன் எதனை இழக்க நேரினும் அது தியாகம் எனப்படும். பயிற்சித் திடலில், ஒரு சிறு நுரைத்துண்டு இல்லாமையால், மனைவி மக்களின் சொல்லையும் நண்பரின் நகையையும் நாற்பதாண்டுக் காலம் இழத்தல் தியாகமன்று, வீண். அவ்வீணைத் தவிர்ப்பது அறிவாலும் சிறிது கவனத்தாலும் முடியும். ஆதலின், இவ்விதழைப் படிக்கும் மாணவ நண்பர்காள்! அடுத்த முகாமுக்குச் செல்லுமுன் இரு காதுகளுக்கும் இரு காப்புக்களைக் கேட்டு வாங்குங்கள். அருகிற் படுத்திருக்கும் தோழனிடமும் அவை உளவோ என்று நோக்குங்கள். அவன் இன்று உங்களைப் பார்த்து நகைத்தாலும், முதுமையில் தன் பேரன் சொல்லும் கதையை ஒரு மெய்யும் விடாது கேட்டு மகிழ்வான்.